ஐந்தாம் முறைப் பால்

ஓகஸ்ட் 4, திங்கள்

காலையில் சுகர் 141. மகன் இஹ்லாஸ் இந்தக் கொப்பியை வாங்கித் தந்தது சுகரை மட்டும் எழுதச் சொல்லி. என்னைப்போல் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரு முழுக் கொப்பி கிடைத்தால் சும்மா விடுவானா?

ரொறன்ரோவுக்கு வந்து நாலாம் நாள். மகள் அஃபீபா, அவளுடைய நாலு மாதக் குழந்தை ஜினான், நான். மூன்று பேரும் புத்தளத்திலிருந்து ஆறு கிழமை விடுமுறைக்கு வந்திருக்கிறோம். மருமகனுக்குக் கட்டாரில் லீவு கிடைக்கவில்லை. பிளேனில் வந்த நேரம் முழுக்க ஜினான் தாயின் சால்வைக்குள்ளேயே கிடந்தாள். பக்கத்து சீற்றில் இருந்த வெள்ளைக்காரன், பிள்ளை அழவேயில்லை என்று கையால் காட்டி மெச்சினான். "சாப்பாட்டுக் கடைக்குள்ளயே படுத்திருக்கிறவள் ஏன் ஐயா அழப்போறாள்" என்று தமிழில் சொன்னேன். அவனும் தலையாட்டிச் சிரித்தான். என்ன விளங்கியதோ.

நேற்று இஹ்லாஸ் வீட்டில் விருந்து. வோபர்னில் இருக்கிற நம்முடைய ஆட்கள் நாலு குடும்பம் வந்தார்கள். இஹ்லாஸின் மகன் நஸ்லீமுக்கு ஒன்பது மாதம். சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஜினானை அவனுக்குப் பக்கத்தில் கிடத்தி, பேரீச்சம்பழத் தட்டை நடுவில் வைத்து, "சபையோரே, பொம்பிளை வீட்டார் புத்தளத்தில இருந்து வந்திருக்கிறம். மாப்பிள்ளைக்குப் பல்லு ரெண்டுதான். பரவாயில்லை, நாங்க பல்லை எண்ணிப் பாக்கிற ஆக்கள் இல்லை" என்றேன். பேச்சை உறுதியாக்க ஃபாத்திஹாவும் ஓதிவிட்டேன். மாமன் மகன், மாமி மகள். முறைதானே. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மருமகள் ஸகியா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டு ஆமீன் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

முப்பது வருஷம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த வாய். பூட்டுப் போட்டாலும் நிற்காது.

ஓகஸ்ட் 6, புதன்

ஏரிக்கரைக்குப் போனோம். இந்த ஊரில் குழந்தையைக் காரில் தனிச் சீற் போட்டு வாரால் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். ஓடுகிற காரில் பால் கொடுக்க எடுத்தால் பொலிஸ் பிடிக்குமாம். ஜினானுக்கு அந்தச் சட்டம் தெரியாது. பெரிய றோட்டில் ஏறியதும் தொண்டையைத் திறந்தாள். இஹ்லாஸ் இறங்கி ஒரு பிளாசாக் கடைவாசலில் நிறுத்துவான், அஃபீபா பால் கொடுப்பாள், திரும்ப ஏறுவோம், திரும்ப அழுவாள். மூன்று பிளாசா பார்த்தோம். ஏரியைக் கடைசியாகத்தான் பார்த்தோம்.

"ஒரு போத்தல் பழக்கியிருக்கலாமே" என்றாள் ஸகியா. "போத்தலைக் கண்டா எங்கட மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கே வந்து ஏசுவா மச்சி" என்றாள் அஃபீபா. சொல்லும்போது வலது விலாவை அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்லட்டும் தொடவில்லை. வாயு, வாப்பா என்றாள்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். குளியலறையில் விழுந்த சத்தம். அஃபீபா நிலத்தில் சுருண்டு கிடந்தாள். உடம்பு நெருப்பு. கண் வெள்ளை மஞ்சளாய்ப் போயிருந்தது. அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. இஹ்லாஸ் பின்னால் காரில் போனான்.

பித்தப்பையில் கல்லாம். ஒரு கல் குழாயில் இறுகி, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். வாயில் குழாய், மயக்க மருந்து.

குழந்தையை அங்கே கொண்டுபோக முடியாது.

என்ட அல்லாஹ். என்ட பிள்ளை.

ஓகஸ்ட் 9, சனி

ஜினான் போத்தலைத் தொடவில்லை.

இஹ்லாஸ் மூன்று விதமான பால்மா, நாலு விதமான சூப்பி வாங்கி வந்தான். வாயில் வைத்தால் நாக்கால் தள்ளுகிறாள். கரண்டியால் ஊற்றினால் கடைவாயால் வழிகிறது. உள்ளே போன கொஞ்சமும் திரும்பி வந்தது. நான் எல்லாக் கூத்தும் ஆடிப் பார்த்தேன். "கொழும்பு, கொழும்பு, ஏறு ஏறு" என்று கூவிக்கூவிக் கரண்டியைக் கொண்டுபோனேன். நஸ்லீம் கைகொட்டிச் சிரித்தான். இவள் என்னுடைய முகத்தைப் பார்த்து, அதற்குப் பின்னால் யாரையோ தேடிவிட்டு அழுதாள்.

பக்கத்து வீட்டு ஜெயமலர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவ. அவதான் நேர்ஸ் ஒருத்தியோடு டெலிபோனில் பேசினா. "அண்ணை, பம்பர்ஸை எண்ணச் சொல்லீனம். ஒரு நாளைக்கு நாலாவது நனையோணுமாம்."

இன்று மூன்று.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு. இரண்டாவது பாதிதான்.

குழந்தையை டொக்டரிடம் கொண்டுபோனோம். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று தந்தார். கன்னத்துக்குள் துளித்துளியாய் விடச் சொன்னார். நாளையும் இப்படியென்றால் வார்டில் மறித்து வைத்து மூக்கால் குழாய் விடுவார்களாம். தாய்க்கு வாயில் குழாய், பிள்ளைக்கு மூக்கில் குழாய். இதற்கோ விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தோம்?

வேறு ஒன்றும் எழுத வேண்டும். எழுதக் கூடாதுதான்.

ஸகியா குளிர்ப்பெட்டியின் மேல் தட்டைத் திறக்கும்போது கண்டேன். சின்னச் சின்னப் பைகளில் பால். ஒவ்வொன்றிலும் திகதி. அடுக்கடுக்காய். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாள், நஸ்லீமுக்குச் சேர்த்து வைக்கிறாள். மார்பிலும் பால் இருக்கிறது. என் பேத்தி வாய் காய்ந்து கிடக்கிறாள். ஸகியா வந்து எட்டிப் பார்ப்பாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். பெற்றவள்தானே இவளும்? இது என்ன நெஞ்சு?

மருமகளிடம் பால் கேட்கிற மாமன் எந்த ஊரில் இருக்கிறான்? வாய் வரவில்லை. வேறு விதமாய் வந்தது. "ஸகியா, உந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதுக்கு ஒரு கடை போடலாம் போல. ஸ்டொக் நல்லாத்தான் கிடக்கு" என்றேன்.

பெட்டியைச் சாத்தினாள். எடுக்க வந்ததை எடுக்காமலே போனாள்.

நல்லாய்ச் சுடட்டும் என்று நினைத்தேன்.

ஓகஸ்ட் 11, திங்கள், காலை

நேற்று எழுதியதை வெட்டலாமா என்று பார்த்தேன். வெட்டவில்லை. கிடக்கட்டும், நான் பார்க்க வேண்டும்.

விடிந்ததும் மடியில் ஜினானை வைத்து சிரிஞ்சால் விட்டுக்கொண்டிருந்தேன். அழுகையில் இப்போது சத்தமில்லை. பூனைக்குட்டி மாதிரி. ஸகியா வாசலில் வந்து நின்றாள். சட்டை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"மாமா, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். கோவிக்கக் கூடாது."

"கேள்."

"அந்தக் கலியாணப் பேச்சை நீங்க விட்டுத் தருவீங்களா?"

"எந்தக் கலியாணம்?"

"நஸ்லீமுக்கும் ஜினானுக்கும். நீங்க ஃபாத்திஹா ஓதிப் பேசினது. நான் இவளுக்குப் பால் குடுத்தா ரெண்டும் என்ட பிள்ளையள் ஆயிடும். பிறகு கலியாணம் முடிச்சு வெக்கேலாது. என்ட உம்மாட்டக் கேட்டன். மாமாட வாக்கை நீ முறிக்காத எண்டுட்டா."

சிரிஞ்சைக் கீழே வைத்தேன்.

"அது பகிடியெல்லோ மகள், சும்மா சிரிக்கச் சொன்னது."

"எனக்கு எப்பிடித் தெரியும் மாமா? நீங்க எதைப் பகிடியாச் சொல்லுறீங்க, எதை உண்மையாச் சொல்லுறீங்க எண்டு இந்த வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. என்ட உம்மாவையும் இப்பிடித்தான் தொட்டில்ல வெச்சுப் பேசினவங்க. அதுக்கும் எல்லாரும் சிரிச்சவங்களாம். அவ அந்த மனிசனைத்தான் முடிச்சா."

"நீ இஹ்லாஸிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னன். வாப்பாட்ட நீயே கேள் எண்டார். இதை நான் எப்பிடி உங்களிட்ட வந்து கேப்பன்? அவள் அழுற நேரமெல்லாம் எனக்கு ஊறி வழியுது மாமா. சிங்குக்குள்ள பிழிஞ்சு விடுறன்."

சிங்குக்குள். மூன்று நாளாய்.

அந்த இடத்திலேயே "குடு" என்று சொல்லியிருக்க வேண்டும். மனிசன் என்றால் சொல்லியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நாலு தரம் குடு" என்றேன்.

எங்கள் மத்ஹபில், மார்க்கச் சட்டத்தில், கணக்கு இருக்கிறது. பால் கொடுப்பது நன்மை, ஒரு பாவமுமில்லை. ஆனால் ஒரு பிள்ளை இன்னொருத்தியிடம் ஐந்து தரம், தானாக விடும்வரை, வயிறாரக் குடித்தால் அவள் பால்தாய். அவளுடைய பிள்ளைகள் கூடப்பிறந்ததுகள். நாலு என்றால் அந்த உறவு வராது. நாலு தரத்தில் ஜினானுக்குத் தெம்பு வரும், தாயும் கண் திறப்பாள், கலியாணமும் தப்பும். கொண்டக்டர் மூளை. கணக்குக்கு மேல் ஆள் ஏற்றிவிட்டு, பொலிஸைக் கண்டால் நாலு பேரைக் குனியச் சொல்லுகிற மூளை.

ஸகியா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பகிடி என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள்.

அதே நாள், பின்னேரம்

கதவுக்கு வெளியே நின்றேன். அழுகை ஒரு முறை உயர்ந்தது. பிறகு நின்றது. அதற்குப் பிறகு மிடறு விழுங்குகிற சத்தம். கதவைத் தாண்டிக் கேட்டது. சுவரில் சாய்ந்துகொண்டேன்.

முதலாம் தரம்: காலை எட்டேகால்.

இரண்டாம் தரம்: பதினொன்று. நடுவில் காற்றுப் போக ஏவறை விடத் தூக்கினாளாம், பிறகு திரும்பக் குடித்ததாம். இது ஒன்றா, இரண்டா? இஹ்லாஸ் பள்ளிவாசல் மௌலவிக்கு எடுத்துக் கேட்டான். பிள்ளை தானாக விட்டால்தான் ஒரு தரமாம். ஏவறைக்கு எடுத்தது கணக்கில்லை. ஒன்று என்று எழுதினேன். எழுதும்போது இஹ்லாஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாப்பா, டிக்கற்றா வெட்டுறீங்க?" என்றான். சிரிக்கவில்லை.

மூன்றாம் தரம்: இரண்டரை. ஜெயமலர் வந்திருந்தா. ஏன் கொப்பியும் கையுமாய் அறைவாசலில் நிற்கிறீர்கள் என்று கேட்டா. முழுவதும் சொன்னேன். அவ சைவம், இந்தச் சட்டம் தெரியாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டா.

"அப்ப பாலைக் குடிச்சா அண்ணன் தங்கச்சி, உங்கட பேச்சில காக்கா தங்கச்சி. விளங்குது. நல்ல விசயம்தானே, ஒரு சொந்தம் கூடுது. உங்களுக்கு ஏன் அண்ணை அது நட்டம்?"

"கலியாணம்—"

"உந்தப் பெடியனுக்கு இன்னும் நடக்கத் தெரியாது அண்ணை."

கொப்பியை மடித்துக் கக்கத்துக்குள் வைத்தேன்.

நாலாம் தரம்: ஆறு மணி. குடித்து முடித்து ஸகியாவின் தோளில் தூங்கிப்போனாள். பம்பர்ஸ் நாலு நனைந்தது. ஸகியா வெளியே வந்து என் கொப்பியைத்தான் பார்த்தாள். "முடிஞ்சுதா மாமா?" என்றாள்.

ஓம் என்றேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

இராத்திரி முழுக்கப் பால்மா. இராத்திரி முழுக்கத் துப்பினாள். ருசி கண்டபிறகு முன்னையைவிட மோசம். சிரிஞ்சைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். விடியும்வரை ஒரு பம்பர்ஸும் நனையவில்லை.

காலையில் ஆஸ்பத்திரி. அஃபீபாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, குழாய்க்குள் இருக்கிற கல் முதல் தரம் வரவில்லை, திரும்பவும் எடுக்க வேண்டும் என்று இஹ்லாஸிடம் சொன்னார்கள். என்னைப் பத்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். அஃபீபாவின் கை வீங்கி இருந்தது. மகளே, உன்ட பிள்ளைக்கு என்ன செய்ய, ஒரு சொல்லுச் சொல்லு என்று காதுக்குள் கேட்டேன். மிஷின்தான் சத்தம் போட்டது. நேர்ஸ் ஒருத்தி அவளுடைய மார்பிலிருந்து மிஷினால் பாலை எடுத்துக்கொண்டிருந்தாள். பால் வற்றாமல் இருக்கவாம். வந்தது ஒரு மூடி அளவு. எவ்வளவோ மருந்து கலந்திருக்கு என்று அதையும் ஊற்றிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வந்தேன். இஹ்லாஸ் அங்கேயே நின்றான். பின் சீற்றில் இருந்து யோசித்தேன். யாருக்குப் பொய் சொல்லுகிறேன், இந்தக் கொப்பிக்கா?

பகிடி இல்லை. நான் உண்மையாய்த்தான் சொன்னேன்.

என்னுடைய பழக்கம் இது. ஆசை ஒன்று இருந்தால் அதற்குச் சிரிப்பு உடுப்புப் போட்டு அனுப்புவேன். யாரும் சரி என்றால் எனக்கு வெற்றி. இல்லையென்றால் பகிடிதானே என்று தப்பலாம். மகன் இங்கே, மகள் அங்கே, மருமகன் இன்னொரு நாட்டில். நான் கண்ணை மூடி மௌத்தாகினால் இதுகள் பெருநாளைக்கு ஒரு போன் எடுக்கும், பிறகு அதுவும் நிற்கும். இரண்டையும் ஒரு முடிச்சில் போட்டுவிட்டால் ஒரு குடும்பமாய்க் கிடக்கும் என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்குக்காகத்தான் நாலு. பிள்ளையின் வயிற்றை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஸகியா சிரிஞ்சோடு இருந்தாள். அவளும் அழுகிறாள், ஜினானும் அழுகிறாள், இரண்டையும் பார்த்து நஸ்லீமும் அழுகிறான்.

"குடு மகள்" என்றேன்.

"இது அஞ்சாவது மாமா."

"ஓம். அஞ்சாவது."

"பகிடியா, உண்மையா?"

சிரிஞ்சை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"உண்மை. நான் பேசின பேச்சை நானே விட்டிட்டன். உன்ட உம்மாவுக்கு நான் போன் எடுத்துச் சொல்லுறன். நீ குடு."

அவள் எழும்பிக்கூடப் போகவில்லை. சால்வையை இழுத்துவிட்டு அந்த இடத்திலேயே குழந்தையை அணைத்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். ஜினான் தானாக விடும்வரை அப்படியே நின்றேன்.

ஓகஸ்ட் 13, புதன்

ஆறு பம்பர்ஸ். ஆறும் நனைந்தது. கல்லை எடுத்துவிட்டார்கள்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

அஃபீபாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. வாய்க் குழாயைக் கழற்றினார்கள். குரல் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. பிள்ளை, பிள்ளை என்றுதான் அசைந்தது. நல்லாய்க் குடிக்கிறாள் என்றேன். என்னத்தை என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தால் வழிந்தது.

ஓகஸ்ட் 18, திங்கள்

சாதா வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்று சொன்னேன். சொல்லாமல் இருக்க ஏலாது, ஊருக்கே தெரிய வேண்டிய உறவு. கொப்பியையும் காட்டினேன், நாலு தரம் வரைக்கும் நேரம் போட்டு எழுதியது, பத்தாம் திகதி ஸகியாவைப் பற்றி எழுதியது, எல்லாம்.

வாசித்து முடிக்க வெகு நேரம் எடுத்தாள்.

"மச்சியைப் பற்றி இப்பிடி எழுதியிருக்கிறீங்களே வாப்பா."

"ஓம்."

"அவட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"கேளுங்கோ. பகிடி விடாமக் கேளுங்கோ." கொப்பியை மூடி என் கையில் தந்தாள். "அந்தக் கலியாணத்தில எனக்கு ஒருநாளும் விருப்பமில்லை. நீங்க பகிடிதானே விடுறீங்க எண்டு பேசாம இருந்தனான். எங்கட வீட்டில எல்லாரும் பேசாமத்தான் இருக்கிறம் வாப்பா. நீங்க மட்டும்தான் பேசுறீங்க."

பின்னேரம் ஸகியாவிடம் கேட்டேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். எதற்கு மன்னிப்பு என்று அவளுக்குத் தெரியாது. நான் அவளைப் பற்றி என்ன நினைத்தேன் என்று சொன்னேன். கத்தி நின்றது. "பரவாயில்லை மாமா" என்று சொல்லவில்லை. "ம்" என்றாள். திரும்ப வெட்டினாள்.

அந்த "ம்" எனக்குச் சரியான தண்டனைதான்.

ஓகஸ்ட் 28, வியாழன்

அஃபீபா வீட்டுக்கு வந்து ஒரு கிழமை. பால் முழுதாகத் திரும்பவில்லை. காலையில் அவள் கொடுக்கிறாள். மற்ற நேரத்துக்கு ஸகியா. ஸகியா வேலைக்குத் திரும்புவதை ஒரு மாதம் பின்னுக்குப் போட்டிருக்கிறாள். நாங்களும் டிக்கற்றைப் பின்னுக்குப் போட்டிருக்கிறோம்.

இன்று இஹ்லாஸ் அஃபீபாவை டொக்டரிடம் காட்டக் கூட்டிப் போனான். அங்கிருந்து போன் எடுத்தாள்.

"வாப்பா, நான் வீட்டால வெளிக்கிட்டதில இருந்து எத்தனை தரம் குடிச்சவள்?"

"தெரியாது."

"பாக்கேல்லையா?"

"நான் எண்ணேல்ல மகள்."

அறைக்குள் ஏதோ உருண்ட சத்தம். அதோடு ஜினானின் அழுகை, நல்ல பலமான அழுகை. பிறகு ஸகியாவின் குரல்: "டேய், தங்கச்சிட தலைமயிரை விடு. விடு எண்டனான்."

"என்ன வாப்பா சத்தம்?"

"ஒண்டுமில்லை. காக்காவும் தங்கச்சியும் சண்டை" என்றேன்.